காயத்துக்கு வழக்குப் போட்டுத் தோற்றால் எதிரியின் செலவு யார் தலையில்? இங்கிலாந்தின் ‘குவாக்ஸ்’ விதி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிவில் வழக்கில் பொதுவாகத் தோற்றவரே வென்றவரின் வக்கீல் செலவையும் கட்ட வேண்டும். உடற்காய வழக்குகளில் மட்டும் 2013 ஏப்ரல் 1 முதல் இதற்கு விலக்கு உண்டு. நீதிபதி ரூப்பர்ட் ஜாக்சனின் ஆய்வுக்குப் பிறகு வந்த இந்த ஏற்பாட்டை சொலிசிட்டர்கள் (வழக்கறிஞர்கள்) ‘குவாக்ஸ்’ (QOCS, Qualified One-way Costs Shifting) என்பார்கள். சிவில் நடைமுறை விதி 44.13 முதல் 44.17 வரை அதுதான். தோற்ற வாதிமீது செலவு உத்தரவு வரும்; ஆனால் பொதுவாக அதை வசூலிக்க முடியாது. உத்தரவைக் கண்டதும் வீடு போய்விடுமோ என்று பலர் பதறுவது இது தெரியாமல்தான். ஸ்காட்லாந்துக்கு விதி வேறு.

முதலில் உங்கள் கோரிக்கை முழுவதும் இதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். வழக்குக்கு முன்பே ஆவணம் கேட்டுப் போடும் மனு இதில் சேராது. விபத்துக்குப் பின் கடனாக எடுத்த வாடகைக் காரின் கட்டணம், காப்பீட்டு நிறுவனம் தனக்காக உங்கள் பெயரில் கேட்கும் தொகை போன்றவை வேறொருவர் லாபத்துக்கானவை. அந்தப் பகுதிக்கு நீதிமன்ற அனுமதியோடு செலவை வசூலிக்கலாம்.

பாதுகாப்பு முழுதாக உடைவது இரண்டு வழிகளில். வழக்குத் தொடுக்க நியாயமான அடிப்படையே இல்லை என்றோ, வாதியின் நடத்தை விசாரணையைக் கெடுக்கிறது என்றோ நீதிமன்றம் வழக்கையே நீக்கிவிட்டால் அனுமதிகூட இல்லாமல் வசூலிக்கலாம். மற்றது ‘அடிப்படை நேர்மையின்மை’. 2015ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் நீதிமன்றங்கள் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, கோரிக்கையின் மையத்தில் பொய் இருந்தால், உண்மையான காயத்துக்கான இழப்பீடும் பொதுவாகச் சேர்ந்தே போய்விடும். பயந்து வழக்கைத் திரும்பப் பெற்றாலும் நேர்மை பற்றிய விசாரணை நடக்கலாம். ஆகவே மருத்துவ அறிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டே ஒப்புதல் கொடுங்கள். பழைய விபத்து ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவில் இருந்து, அறிக்கையில் ‘முன்பு எதுவுமில்லை’ என்று இருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். பலர் மாட்டிக்கொள்வது பெரிய பொய்யால் அல்ல, திருத்தாமல் விட்ட இப்படியொரு வரியால்.

நேர்மையான வாதிக்கு உண்மையான ஆபத்து, சிவில் நடைமுறை விதிகளின் 36ஆம் பகுதிப்படி எதிர்த்தரப்பு முன்வைக்கும் ‘பார்ட் 36’ சமரசத் தொகையில் இருக்கிறது. அது வந்தால் யோசிக்கக் குறைந்தது 21 நாள். மறுத்துவிட்டு, தீர்ப்பில் அதைவிட அதிகம் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கெடுவுக்குப் பிந்தைய எதிர்த்தரப்புச் செலவு உங்களுடையது. முன்பு அதை உங்கள் இழப்பீட்டுத் தொகை வரைதான் பிடிக்க முடிந்தது. 2023 ஏப்ரல் 6 முதல் தொடுக்கப்பட்ட வழக்குகளில், எதிர்த்தரப்பு உங்களுக்குத் தரவேண்டிய வழக்குச் செலவிலும் கை வைக்கலாம். தீர்ப்பில்லாமல் சமரசமாக முடிந்தாலும் இதே கதைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இழப்பீடு 20,000 பவுண்டு, உங்களுக்கு வரவேண்டிய செலவு 12,000, கெடுவுக்குப் பிந்தைய எதிர்த்தரப்புச் செலவு 30,000. பழைய விதியில் அவர்களால் 20,000 மட்டுமே எடுக்க முடியும். 12,000 உங்கள் பக்கமே நிற்கும். புதிய விதியில் மொத்தம் 32,000. அதில் 30,000 அவர்களுக்கு. மிஞ்சும் 2,000 உங்கள் சொலிசிட்டரின் பில்லுக்குப் பக்கத்தில்கூட வராது. வழக்கில் வென்றவர் நிலைமை இது!

இந்த ஓட்டையை அடைக்க முதலில் வீடு, கார் காப்பீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். சட்டச் செலவுக்கான பாதுகாப்பு ஏற்கெனவே அதில் இருக்கலாம். இல்லையென்றால், விபத்துக்குப் பிறகு வாங்கும் ஏடிஇ (after the event) வழக்குச் செலவு காப்பீட்டுப் பாலிசியைக் கேளுங்கள். ‘பார்ட் 36-ஐ மறுத்து வரும் நஷ்டத்தை இது கட்டுமா, வக்கீல் சொன்னதை மீறி மறுத்தாலுமா?’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரீமியம் பெரும்பாலும் உங்கள் இழப்பீட்டிலிருந்தே போகும். மருத்துவ அலட்சிய வழக்கில் மட்டும், நிபுணர் அறிக்கைச் செலவுக்கான பங்கை வென்றால் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம்.

‘வென்றால்தான் ஃபீஸ்’ ஒப்பந்தத்தில், வென்றால் வக்கீல் கூடுதலாக எடுக்கும் வெற்றிக் கட்டணத்துக்கு வரம்பு 25 சதவீதம். அது வலி வேதனைக்கான தொகையிலும் கடந்தகால இழப்பிலும் மட்டுமே கணக்கிடப்படும். எதிர்காலச் சம்பளம், பராமரிப்புக்கான தொகையைத் தொடக்கூடாது. ஏடிஇ பிரீமியம் இந்த 25-க்கு வெளியே. கையெழுத்துப் போடுமுன் இரண்டையும் கூட்டி, கையில் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.