தோட்டத்து மியூசியத்துல ஒரு சாமான் காணாம போனா என்ன பண்றது

மலேசியாவுல சுங்கை சிப்புட்டுல ரப்பர் தோட்டம் மூடினப்ப லயத்துலேருந்து (தொழிலாளிங்க இருந்த வரிசை வீடுங்க) எடுத்துட்டு வந்த சாமான்கள வச்சு ஒரு சின்ன மியூசியம் நடத்துறோம், மொத்தமே ரெண்டு ரூம்புதான். பால் வெட்டுற கத்தி, பால் புடிக்கிற மங்கு, பால் வாளிய தோள்ல தூக்குற காண்டாக்கம்பு, ஆள் பேரும் சம்பளமும் எழுதுற செக்ரோல் புத்தகம், தோட்டத் தொழிலாளிங்க காசு போட்டு தோட்டம் வாங்க 1960ல ஆரம்பிச்ச நிலநிதி கூட்டுறவு சங்கத்தோட பழைய ரசீதுங்க. இதுல எது காணாம போனாலும் திரும்ப கெடைக்குமாங்கிறது சாமான் விவரம் எழுதி வைக்கிற உங்க நோட்டுலதான் இருக்கு.

எங்களுக்கு இது புரிஞ்சது ஒரு பித்தளை குடத்தால. ஒரு கண்காட்சிக்கு இரவல் குடுத்தோம், வாயாலயே கேட்டாங்க வாயாலயே குடுத்தோம், கையெழுத்து ஒண்ணும் வாங்கல, அப்புறம் கேட்டா எங்ககிட்ட வரவே இல்லன்னு சொல்லிட்டாங்க. ஏழெட்டு மாசம் கழிச்சு ஈப்போ பக்கம் ஞாயித்துக்கிழமை சந்தையில அதே குடம். ஆனா எல்லா குடமும் ஒரே மாதிரிதானே இருக்கும், நம்மளுதுன்னு எப்படி சொல்றது? குடத்த குடுத்த பாட்டி கல்யாண சீரா கொண்டு வந்தது அது, கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா குத்தி "மு.கா" ன்னு பேர் வெட்டியிருக்கும், அடியில ஈயம் வச்சு அடைச்ச எடம் ஒரு இருபது காசு அளவுக்கு. ரெண்டையும் எங்க தம்பி ஒருத்தன் நோட்டுல எழுதி படமும் புடிச்சு வச்சிருந்தான். அதனாலதான் தப்பிச்சோம்.

அதனால ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் போடுங்க. 2019.3.12 ன்னா 2019ல மூணாவதா குடுத்தவங்க தந்ததுல பன்னெண்டாவது சாமான். படம் நாலு பக்கமும் புடிங்க, பக்கத்துல ஒரு ரூலர் வச்சு. என்ன சாமான், எதுல செஞ்சது, அளவு, எழுத்து, கீறல், ஒடைசல் எல்லாம் எழுதுங்க. 1997லேருந்து உலகம் பூரா இருக்கிற ஆப்ஜெக்ட் ஐடிங்கிற, சாமான அடையாளம் காட்ட விவரம் எழுதுற முறை கேக்கிறதும் இதுதான், ஆனா கீறலும் ஒடைசலும்தான் உசுரு, அழகா இருக்குன்னு எழுதி வச்சா ஒண்ணுக்கும் ஆகாது.

காணோம்னு தெரிஞ்சா மொதல்ல உள்ளயே தேடுங்க, அலமாரிக்கு பின்னால, வேற பொட்டியில, கூட்டிப் பெருக்குற அக்கா எங்கயாவது நகத்தி வச்சாங்களான்னு கேளுங்க. இல்லன்னா அன்னிக்கே போலீஸ் ரிப்போட், படத்தோட. பழைய சாமான் கடை, பழைய இரும்பு கடைக்கெல்லாம் படத்த அனுப்பிடுங்க, பித்தளை உருக்கிட்டா முடிஞ்சு போச்சு. சர்வதேச போலீஸ் அமைப்பான இன்டர்போலோட ஐடி-ஆர்ட் ஆப் 2021லேருந்து இலவசமா இருக்கு, சாமானோட விவரத்த அதுலயே பதிஞ்சு வச்சுக்கலாம். கடையில பார்த்துட்டா சண்டை போடாதீங்க, காசு குடுத்தும் வாங்காதீங்க, படம் புடிச்சுகிட்டு போலீசோட திரும்ப போங்க.

திருட்டு மட்டும் இல்ல, மழையும் கரையானும் அதவிட மோசம். நனைஞ்ச காகிதத்துல ரெண்டு நாளுக்குள்ள பூசணம் வந்துரும், உடனே ஃபேன் காத்துல காய வைங்க, வெயில்ல வேணாம். முடியலன்னா பிளாஸ்டிக்ல சுத்தி ஃப்ரீசர்ல வச்சிடுங்க, அப்புறம் நிதானமா காய வைக்கலாம். செக்ரோல் மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கிறது போனா போனதுதான், ஆனா ரசீது, கல்யாண பத்திரிகை மாதிரி உள்ளது பல வீட்டுல இன்னும் கெடக்கும், கோயில் திருவிழா அன்னிக்கு சொல்லிப் பாருங்க, ஸ்கேன் பண்ண குடுப்பாங்க.

திரும்பி வந்த சாமானுக்கு புது நம்பர் போடாதீங்க. பழைய வரியிலயே போன தேதி, வந்த தேதி, புதுசா விழுந்த அடி எல்லாத்தையும் எழுதுங்க. எங்க குடத்துக்கு இப்ப அந்த வரியில "வாய் ஓரம் நசுங்கியிருக்கு, இடது பக்கம்" ன்னு சேத்திருக்கோம்.