அடுத்தடுத்த மடங்குகள்: கூடுதல் சரி, விடை தவறு

"7-இன் அடுத்தடுத்த மூன்று மடங்குகளின் கூடுதல் 273. அந்த எண்கள் யாவை?"

'அடுத்தடுத்த' என்ற சொல்லைக் கண்டதுமே க, க + 1, க + 2 என்று கை தானாக எழுதிவிடுகிறது. 3க + 3 = 273, க = 90. விடை 90, 91, 92. கூட்டிப் பார்த்தால் 273 வந்துவிடுகிறது! இந்தத் தவறின் விஷமமே அதுதான். சரிபார்த்த பிறகும் பிடிபடாமல் தப்பிவிடும். 90-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6, 92-ஐ வகுத்தால் மீதி 1. கூடுதலை மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வோர் எண்ணும் 7-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

7-இன் மடங்குகள் ஏழேழாக நகர்பவை. எனவே க, க + 7, க + 14. இப்போது 3க + 21 = 273, க = 84; எண்கள் 84, 91, 98. இதைவிட, நடு எண்ணைக் க என்று கொள்வதே என் விருப்பம். க − 7, க, க + 7 ஆகியவற்றைக் கூட்டினால் ஏழுகள் அடிபட்டு 3க = 273 என்று நிற்கும். நான்கு மடங்குகள் கேட்டால் நடு எண் என்று ஒன்று இருக்காது. அப்போது முதல் வழிக்கே திரும்ப வேண்டியதுதான்.

சிலர் 7க, 7(க + 1), 7(க + 2) என்று எழுதுவார்கள். நல்ல முறைதான். ஆனால் அடைப்பை நீக்கும்போது 7(க + 1) என்பது 7க + 1 ஆகிவிடுகிறது. 7க + 7 என்று வர வேண்டும். அதில் தப்பியவர்களும் க = 12 என்று கண்டதும் அதையே விடையாக எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். 84 என்பது 7-இன் 12-ஆவது மடங்கு. கேட்டது 84-ஐ.

7க, 14க, 21க என்று எழுதினால் க = 6.5 வரும். மடங்குக் கணக்கில் பின்னம் தலைகாட்டினால் மேலே போகாமல் சமன்பாட்டைத் திரும்பப் பாருங்கள்.

'அடுத்தடுத்த இரட்டைப்படை மடங்குகள்' என்றால் இடைவெளி 14. ஒற்றைப்படைக்கும் அதேதான்.

பெருக்கல் கணக்கில் இன்னொன்று. 5-இன் அடுத்தடுத்த இரு மடங்குகளின் பெருக்கற்பலன் 300 என்றால் 15, 20 மட்டுமல்ல, −20, −15 என்பதும் விடையே. கேள்வியில் 'மிகை எண்கள்' என்று இருந்தால்தான் இரண்டாவதை விடலாம்.