ஆறு மில்லிமீட்டர் கால்

காட்பாடியில் எங்கள் மொட்டைமாடி அறையில், ஷாட்கி டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும், வேகமாக இயங்கும் பாகம்) வைத்து ரேடியோ அலைகளின் திறனை அளக்கும் கருவி ஒன்றைச் செய்தேன். 145 மெகாஹெர்ட்ஸில் அளவு கச்சிதமாகப் பொருந்தியது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போனதும் தாறுமாறாகிவிட்டது. டயோடின் மேல்தான் சந்தேகம். மூன்று முறை மாற்றினேன், பலனில்லை.

ஓர் இரவு பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் உள்ளீட்டிலிருந்த 51 ஓம் மின்தடையின் கால்கள் கண்ணில் பட்டன. இரண்டும் சேர்ந்து ஆறு மில்லிமீட்டர் இருக்கும். அந்தக் கம்பிக்கே சுமார் 5 நானோஹென்றி தூண்டல் உண்டு; அலைவெண் ஏற ஏற அது மின்னோட்டத்தைத் தடுப்பதும் ஏறும். 145 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தடை வெறும் 4.5 ஓம், 2.4 கிகாஹெர்ட்ஸிலோ 75 ஓம். மின்தடையையே மிஞ்சிவிடுகிறது! கால்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காலில்லாத 100 ஓம் சில்லு மின்தடைகள் இரண்டை (இணையாகச் சேர்ந்தால் 50 ஓம்) சிக்னல் தடத்தின் இருபுறமும், பலகையின் தரை இணைப்பான செம்புப் பரப்போடு ஒட்டிப் பற்றவைத்தேன். அளவு நிலைக்கு வந்தது. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிறகு வேலூர் வெயில். மே மாதப் பகலில் சிக்னலே இல்லாதபோதும் மீட்டர் நகர்ந்தது. அதே வகை டயோடு இன்னொன்றைப் பக்கத்திலேயே பொருத்தி, இரண்டுக்கும் ஒரே அளவு சிறு மின்னோட்டம் கொடுத்து, அலை படாத இரண்டாவது டயோடின் மின்னழுத்தத்தை முதலாவதிலிருந்து கழித்தேன்; வெப்பம் இரண்டையும் ஒரேபோல மாற்றுவதால் அந்த மாற்றம் அடிபட்டுப் போகும். முள் பூஜ்யத்தில் நின்றது.