தற்காப்புக்கு ஆள் வாங்கலாமா? ஐஸ் ஹாக்கி டிரேடை வாதாடும் முன் போட வேண்டிய கணக்கு

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் டிரேட் கெடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள், நெருங்கினால் போதும், "தற்காப்புக்கு ஒரு நல்ல ஆள் வேண்டும்" என்ற குரல் எல்லாப் பக்கமிருந்தும் கிளம்பும். யாரை, எதைக் கொடுத்து, எந்தப் பணத்தில் என்று கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவரிடம்தான் வாதாட முடியும்.

எடுத்துக்காட்டாக ஒரே டிரேடை வைத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரி 28 அன்று எட்மன்டன் ஆயிலர்ஸ், நாஷ்வில் அணியிடமிருந்து தற்காப்பு ஆட்டக்காரர் மத்தியாஸ் எக்ஹோமை வாங்கியது. கொடுத்தது: தற்காப்பு ஆட்டக்காரர் டைசன் பேரி, இளம் முன்கள வீரர் ரீட் ஷேஃபர், 2023-இன் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (புதிய இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை), 2024 நான்காம் சுற்றுத் தேர்வு. எக்ஹோமுடன் ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வும் வந்தது. அதை வாதத்தில் யாரும் சீந்த மாட்டார்கள்.

படி 1: ஓட்டை எந்தப் பக்கம்?

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: இடக்கை, வலக்கை. ஆறு தற்காப்பு ஆட்டக்காரர்களையும் மூன்று ஜோடிகளாக எழுதுங்கள். எட்மன்டனுக்கு வலப்பக்கத்தில் பேரி, எவான் புஷார்ட் என இரண்டு தாக்குதல் பாணி ஆட்டக்காரர்கள். இடப்பக்கத்தில் டார்னல் நர்ஸை விட்டால் எதிரணியின் முதல் வரிசையை நம்பி ஒப்படைக்க ஆள் இல்லை. எக்ஹோம் இடக்கை. ஆகவே தேவை உண்மைதான். மேலே போகலாம்.

படி 2: பணம்

பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்புக் கணக்கில் ஏறுவது வீரர் அந்த ஆண்டு கையில் வாங்கும் தொகை அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. எக்ஹோமின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலர்; வகுத்தால் 62.5 லட்சம். இதில் 4 சதவீதத்தை, அதாவது 2.5 லட்சத்தை, நாஷ்வில் தானே சுமந்தது. எட்மன்டன் கணக்கில் ஏறியது 60 லட்சம். வெளியே போன பேரியின் சராசரி 45 லட்சம். கூடுதல் சுமை 15 லட்சம்தான். அந்தப் பருவத்தின் உச்சவரம்பு 8.25 கோடி; எட்மன்டனோ அதை ஒட்டியே நின்றது. அதனால்தான் அதே நாளில் 30 லட்சம் சராசரி கொண்ட ஜெஸ்ஸி புல்யுயார்வியை கரோலினாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு டிரேடையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும்.

இதோடு முடித்துவிடாதீர்கள். பேரியின் ஒப்பந்தம் 2024-இல் முடிவதாக இருந்தது, எக்ஹோமுடையது 2026 வரை ஓடுவதாக இருந்தது. 2024-25 பருவத்தில் வித்தியாசம் 15 லட்சம் அல்ல, முழு 60 லட்சம். எக்ஹோமுக்கு டிரேட் நடந்தபோதே வயது 32. எதிர்ப்பவர் பிடிக்க வேண்டிய நூல் இதுதான். ஆனால் பலரும் "முதல் சுற்றுத் தேர்வு போய்விட்டதே" என்று புலம்புவதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒப்பந்த விவரங்களுக்கு நான் பக்பீடியா தளம் பார்க்கிறேன். முன்பு கேப்ஃபிரெண்ட்லி இருந்தது. 2024-இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அதை வாங்கி, பொதுமக்களுக்கு மூடிவிட்டது. இன்னும் ஆதங்கம் தீரவில்லை.

படி 3: போகிறவரின் வேலை யாருக்கு?

பேரி, பவர் பிளே (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) முதல் பிரிவின் ஆள். அவரை அனுப்பினால் அது படுத்துவிடும் என்பது எளிதாக எழும் எதிர்வாதம். அந்த இடம் புஷார்டுக்குப் போனது. எட்மன்டன் அந்தப் பருவத்தை 32.4 சதவீத பவர் பிளே வெற்றியோடு முடித்தது, அது என்.எச்.எல். சாதனை. எக்ஹோமை புஷார்டின் ஜோடியாகவே போட்டார்கள். பெயர்ப் பலகையில் வந்தது ஒருவர், தேறியது இருவர். டிரேடை வாதாடும்போது வருகிறவரைவிட, காலியாகும் நாற்காலியில் உட்காரப்போகிறவரைப் பற்றி அதிகம் பேசுங்கள்.

படி 4: எண்கள்

பிளஸ்-மைனஸை (வீரர் களத்தில் இருக்கும்போது அணி போட்ட, வாங்கிய கோல்களின் வித்தியாசம்) தூக்கிப் போடுங்கள். கோல்காப்பாளரின் நல்ல நாளும் கெட்ட நாளும் அதில் கலந்துவிடும். நேச்சுரல் ஸ்டாட் டிரிக் தளத்தில் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் எதிர்பார்ப்பு கோல் பங்கைப் பாருங்கள்; வாய்ப்புகளின் தரத்தை வைத்து விழுந்திருக்க வேண்டிய கோல்களில் நம் அணியின் பங்கு அது. ஒரு மாத எண்ணை வைத்துக்கொண்டு வாதாட வருபவருக்கு நான் பதில் சொல்வதில்லை.

படி 5: விலை

ஷேஃபர் 2022 டிராஃப்டின் முதல் சுற்றில் 32-ஆவது தேர்வு. ஆக, நடைமுறையில் இரண்டு முதல் சுற்று விலை. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அணிக்கு இது தகும். மறுகட்டமைப்பில் இருக்கும் அணிக்குத் தகாது.

விலை வாதத்துக்கு இன்னும் காரமான பாடம் 2016 ஜூன் 29: அதே எட்மன்டன், முன்கள வீரர் டெய்லர் ஹாலைக் கொடுத்து நியூ ஜெர்ஸியின் தற்காப்பு ஆட்டக்காரர் ஆடம் லார்சனை வாங்கியது, ஒன்றுக்கு ஒன்று. ஹால் 2018-இல் லீக்கின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை வென்றார். ஆனால் 2006-க்குப் பிறகு எட்மன்டன் முதன்முறையாக பிளே ஆஃப் சென்றது லார்சன் வந்த பருவத்தில்தான். தேவை சரி, விலை தவறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், முரண் இல்லை.

பிற்சேர்க்கை: வெறும் 4 சதவீதத்தால் நாஷ்வில்லுக்கு என்ன நட்டம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரு ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 50 சதவீதம் வரை சுமக்கலாம். ஆனால் ஓர் அணி ஒரே சமயத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அப்படிச் செய்ய முடியும். அந்த 2.5 லட்சத்துக்காக நாஷ்வில் 2026 வரை அந்த மூன்றில் ஓர் இடத்தை விட்டுக்கொடுத்தது. அதற்கும் சேர்த்துத்தான் விலை கேட்டிருப்பார்கள்.