வாப்பா பேசிய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

கீழக்கரைப் பக்கம் பழைய தகரப் பெட்டியைத் திறந்தால் அத்தர் பாட்டிலுக்கு அடியில் நாலு கேசட்டாவது கிடக்கும். வீட்டுக்கு வீடு போன் வராத காலத்தில், சவூதியிலும் துபாயிலும் இருந்தவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். எங்கள் வீட்டில் பதினொன்று இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: மென்பொருள் வேலை கொஞ்சம்தான். முக்கால்வாசிப் பாடு கேசட்டோடும் டேப்ரிக்கார்டரோடும்தான்.

1. முதலில் கேசட்

சின்ன ஜன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாக மாவு பூத்தது போல் இருந்தால் பூஞ்சை. கடலோர ஈரத்துக்கு இது சகஜம். அப்படியே ஓடவிட்டால், டேப்ரிக்கார்டரில் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். செருப்புப் பெட்டியில் வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிடும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த மெல்லிய துணியால் பூஞ்சையை மெதுவாகத் துடைத்தெடுங்கள்.

அடுத்து, நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில் ஒரு சின்னத் தகடும் அதன்மேல் துளிப் பஞ்சும் இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். உப்புக்காற்றில் தகடு பச்சை பூத்து, பஞ்சு உதிர்ந்திருந்தால் குரல் மங்கும், விட்டுவிட்டுக் கேட்கும். அப்போது ஐந்து திருகையும் கழற்றி, சுருள்களை வேறு நல்ல கேசட்டின் ஓட்டுக்குள் மாற்ற வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். நான் நிறுத்தவில்லை. ஏழெட்டு முழம் நாடா கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பென்சிலைச் செருகிச் சுற்றி எடுக்க ஒரு சாயங்காலம் ஆனது.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு பிளாஸ்டிக் பற்கள் இருந்தால் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கப் பார்த்தாலும் அது இறங்காது.

2. டேப்ரிக்கார்டர்

மருந்துக்கடையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, பட்ஸில் நனைத்து ஹெட்டைத் துடையுங்கள். பழுப்பாக வரும், வராத வரை துடையுங்கள். நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டையும் ரப்பர் உருளையையும் விடாதீர்கள். குரல் இழுத்து இழுத்துக் கேட்டால் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்ற வேண்டும்.

இப்போது பலருக்கும் தெரியாத ஒன்று. ஹெட்டை ஒட்டி, ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகு இருக்கும். கேசட் ஓடும்போதே அதை மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். பேச்சில் 'ச', 'ஸ' எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். போர்வைக்குள்ளிருந்து பேசியது போலிருந்த வாப்பா, கால் சுற்றில் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

3. வயர்

டேப்ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு (வெளிக்கருவியின் ஒலியை உள்ளே வாங்கும் துளை), இரு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள வயர் போதும். லேப்டாப்பில் மைக் துளை மட்டும் இருந்தால் அதில் செருகாதீர்கள், ஒலி கரகரவென்று உடையும். லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். பின்னணியில் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

4. பதிவு

ஆடாசிட்டி இலவச மென்பொருள். 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வையுங்கள். சத்தம் அதிகமான இடத்தைப் போட்டுப் பார்த்து, அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வால்யூமைச் சரிசெய்யுங்கள். பிறகு தொடக்கத்திலிருந்து ஒரு பக்கம் முழுக்க, நிறுத்தாமல் பதியுங்கள். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். அவசரப்படுத்த வழியில்லை.

முதலில் ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 நகல் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பேசிய கேசட்டானாலும் ஸ்டீரியோவில் பதிந்தால் ஒரு லாபம்: இடது, வலதில் எது தெளிவோ அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

5. இரைச்சல்

யாரும் பேசாத இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்தால் ஆடாசிட்டி இரைச்சலைக் குறைக்கும். 6 டெசிபலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். வாப்பாவின் அறையில் ஓடிய ஏசியின் உறுமலை நான் துடைக்கவே இல்லை.

6. பெயர்

ஆண்டு, பேசியவர், ஊர், பக்கம் எல்லாம் கோப்பின் பெயரிலேயே வரட்டும். இன்னொன்று, பி பக்கம் காலி என்று எழுதியிருந்தாலும் கடைசிவரை ஓடவிடுங்கள். எங்கள் கேசட் ஒன்றில் பத்து நிமிடம் வெறும் இரைச்சல். அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம், பின்னால் கோழி கூவுகிறது, "இதுலதான் பேசணுமா ராத்தா?" என்று உம்மா கேட்கிறார். வாப்பாவுக்கு அனுப்பிய பதில் அது. அவர் பெட்டியோடு ஊருக்குத் திரும்பியிருக்கிறது.