ஒரே ஒரு செட், அதுக்கு எத்தன அர்த்தம்டா சாமி

ராணிப்பேட்ட பக்கம் ஒரு தோல் கம்பெனில நான் வேலைக்கு சேந்த புதுசு, வெளியூர்லருந்து வந்த டெக்னீஷியன் ஒரு லாட்ட காட்டி "செட் திஸ் அசைட்"னு சொல்லிட்டு போய்ட்டாரு. நமக்கு தெரிஞ்ச செட் ஒன்னுதான், ஈரத்தோலு சுருக்கத்த நீவி எடுக்குற செட்டிங் மெஷின். அதுல 40 தோலயும் வுட்டு காயவும் போட்டுட்டேன். அவரு சொன்னது இன்னான்னா கலர் சரியில்ல, ஓரமா எடுத்து வைன்னு. அப்புறம் எல்லாத்தையும் திரும்ப டிரம்ல போட்டு கலர் ஏத்துனோம், வாங்குன திட்டு தனி.

1989ல வந்த ஆக்ஸ்போர்டு பெரிய டிக்ஷனரில இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் 430க்கு மேல அர்த்தம் போட்டிருந்தாங்க. மனப்பாடம்லாம் வேலைக்கு ஆவாது, நான் பண்றத சொல்றேன்.

மொதல்ல செட்டுக்கு பின்னாடி ஒரு பொருள் வருதான்னு பாருங்க. வந்தா நம்ம "வை"ய போட்டு பாருங்க. அலாரம் வை, எலிப்பொறி வை, நெருப்பு வை, வெல வை, கல்யாணத்த தை மாசம் வெச்சிருக்காங்க, இது அத்தனைக்கும் இங்கிலீஷ்ல செட்டுதான். காரணம் இருக்கு, பழைய இங்கிலீஷ்ல இதுக்கு "உக்கார வை"ன்னுதான் அர்த்தம், உக்காருன்னு சொல்ற "சிட்"டோட சொந்தக்காரன். ஆனா ஒரு எடத்துல ஒதைக்கும், "செட் ஐஸ் ஆன்"னா சும்மா கண்ணுல பட்டதுன்னு அர்த்தம், நம்மூர்ல கண்ணு வெக்கிறது வேற சமாச்சாரம்.

பின்னாடி பொருளே இல்லன்னா, செட்டுக்கு முன்னாடி இருக்கற பொருளே தானா உக்காருதுன்னு எடுத்துக்கோங்க. சூரியன் கீழ எறங்கி உக்காருது, தயிர் உறையுது, சிமெண்ட் இறுகுது. நம்ம கொத்தனாருங்களே செட் ஆயிடுச்சான்னுதான் கேப்பாங்க. சிமெண்ட் டெஸ்ட்ல இனிஷியல் செட்டிங் டைம் 30 நிமிஷத்துக்கு கொறைய கூடாதுன்னு ரூலே இருக்கு, இல்லன்னா கலந்து பூசறதுக்குள்ள கல்லாயிடும்.

டீ செட், செஸ் செட், கணக்குல வர்ற கணம், இதெல்லாம் கூட்டம். இது வேற வழியா, லத்தீன்லருந்து பிரெஞ்சு போய் வந்த வார்த்தை, எழுத்து ஒன்னா போனதால ரெண்டும் கலந்துடுச்சு.

ஆஃப், அப், இன், அசைட்னு வால் ஒட்டிச்சுன்னா மேல சொன்னத நம்பாதீங்க, வாலோட சேத்தே படிங்க. செட் ஆஃப்னா கெளம்பறது, வெடி வெடிக்க வெக்கிறதும் அதான். "செட் இன்"னு சொன்னா மழையோ குளிரோ வந்து ஒக்காந்துக்கறது, இப்போதைக்கு போவாது.

அப்புறம் காலம். நேத்துக்கும் செட், நாளைக்கும் செட்டுதான், செட்டட்னு ஒன்னு கெடையாது. "ஹீ செட் தி அலாரம்"ல எஸ் இல்ல பாருங்க, அதனால வெச்சு முடிச்சிட்டான்னு அர்த்தம், தெனமும் வெக்கிறான்னா "செட்ஸ்".

இன்டர்வியூ போற பசங்களுக்கு ஒன்னு. "அந்த வேல எனக்கு செட் ஆவல"ன்னு பேசறோம்ல, அத அப்படியே இங்கிலீஷ்ல தூக்கி போடாதீங்க, எதுர்ல இருக்கறவனுக்கு புரியாது. அங்க சூட்னு சொல்லணும், "இட் டிட்நாட் சூட் மீ".