வஸுகா தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு நாள்: போவது, பார்ப்பது, வாங்குவது, போட்டுக் குடிப்பது

உஜி என்ற பெயரில் விற்கும் ஜப்பானியப் பச்சைத் தேயிலை எல்லாம் உஜி நகரத்தில் விளைவதில்லை. கியோட்டோ தேயிலை வணிகர்கள் 2004-இல் வகுத்துக்கொண்ட விளக்கப்படி, கியோட்டோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாகாணங்களில் விளைந்த இலையைக் கியோட்டோவுக்குள் பதப்படுத்தி முடித்தால் அது ‘உஜிச்சா’. கியோட்டோ மாகாணத்தின் விளைச்சலில் பாதியை நெருங்கும் பங்கு தெற்கே மலை மடிப்பில் இருக்கும் வஸுகா என்ற சிற்றூரிலிருந்து வருகிறது. அங்கே இருப்பவர்கள் நாலாயிரம் பேர்கூட இல்லை. நல்ல தேநீர் குடிக்கிறவர்கள் இந்த ஊரின் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முடிந்தால் ஒருமுறை போய் வரவேண்டும்.

போகும் வழி

வஸுகாவுக்கு ரயில் கிடையாது. கிஸுகாவா நகரத்தைச் சேர்ந்த கமோ ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து ஏற வேண்டும். ஒசாகாவிலிருந்து யமதோஜி தடத்து விரைவு ரயில் நாரா வழியாகக் கமோவுக்கே நேராக வரும். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். நாராவிலிருந்து கால் மணி நேரம்தான். கியோட்டோவிலிருந்து வந்தால் நாரா தடத்தில் ஏறி, கிஸுவில் இறங்கி மாறி, அடுத்த நிலையம் கமோ.

கமோ நிலையத்துக்கு வெளியே நாரா கோட்சு நிறுவனத்தின் பேருந்து நிற்கும். கொசுகி என்ற ஊர் வரை போகும் வண்டியில் ஏறுங்கள். இருபது நிமிடத்தில் வஸுகாவின் நடுப்பகுதி வந்துவிடும். ஏறும்போது எண் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே ஓடும் தொகைதான் உங்கள் கட்டணம், இறங்கும்போது கட்டலாம். சில்லறை இல்லாதவர்கள் வண்டி நிற்கும்போதே முன்னால் உள்ள இயந்திரத்தில் ஆயிரம் யென் தாளை மாற்றிக்கொள்ளுங்கள். போகவேண்டிய இடங்களின் பெயரை ஜப்பானிய எழுத்தில் தொலைபேசியில் சேமித்து வைத்தால் ஓட்டுநரிடம் காட்டுவதற்கு உதவும்.

பலருக்கு நாள் கெடுவது இந்தப் பேருந்தால்தான். மணிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஓடும். சில வேளைகளில் அதற்கும் குறைவு. கால அட்டவணையில் வேலைநாளுக்கு ஒரு பத்தி, சனி ஞாயிறு விடுமுறைக்கு இன்னொரு பத்தி. தவறான பத்தியைப் பார்த்துக் காத்து நிற்பவர்கள் நிறைய. இறங்கியதும் எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போய், திரும்பும் வண்டிகளின் அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டு அதன்பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

எப்போது போவது

ஜப்பானிய நாட்காட்டியில் வசந்தம் தொடங்கும் நாளிலிருந்து எண்பத்தெட்டாவது நாள், அதாவது மே 2-ஐ ஒட்டிய நாள், முதல் கொழுந்துக்கு அடையாள நாள். வஸுகாவில் முதல் பறிப்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்க நடக்கும். மலைமேல் உள்ள தோட்டங்கள் பள்ளத்தில் உள்ளவற்றைவிடச் சில நாட்கள் பின்தங்கும். இரண்டாம் பறிப்பு ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை.

பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கும். மே மாதத்தில் பல தோட்டங்கள் கறுப்புத் துணி போர்த்திக் கிடக்கும். மாச்சா என்ற தேயிலைப் பொடிக்கு அரைக்கப்படும் தென்ச்சா இலை இங்கே ஏராளமாக விளைகிறது. அதற்குப் பறிப்புக்கு முன் மூன்று வாரமாவது நிழல் வேண்டும். இன்னொன்று, பறிப்பு முடிந்ததும் செடிகளைக் கவ்வாத்து செய்வார்கள்; அந்த வரிசைகள் சில வாரங்களுக்குக் குச்சியும் பழுப்புமாகத்தான் இருக்கும். இளம்பச்சைதான் வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே நடுப்பகுதிக்குள் போங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பான் முழுக்க நீண்ட விடுமுறை என்பதால் தங்குமிடம் கிடைப்பது கடினம்; அந்த வாரம் முடிந்த உடனே போவது நல்லது. அக்டோபர், நவம்பரில் தேயிலைச் செடியில் சிறு வெள்ளைப் பூக்கள் மலரும். கூட்டமில்லாமல் நடக்க விரும்புகிறவர்களுக்கு அதுவும் நல்ல பருவம்.

மழை பெய்த நாளில் பறிப்பைப் பார்க்க முடியாது. இலை நனைந்திருந்தால் ஆவியில் அவிப்பது சீராக நடக்காது, மணம் மங்கும்; அதனால் காயும்வரை காத்திருப்பார்கள்.

தோட்டத்தைப் பார்ப்பது

முதலில் வஸுகா டீ கஃபேக்குப் போங்கள். ஊர் விவசாயிகள் பலரின் தேயிலை ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்கும். வரைபடமும் கேட்டு வாங்கலாம். மின்மிதிவண்டி வாடகைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி மலைச்சரிவுகளில் இருக்கின்றன. சாதாரண மிதிவண்டியை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடப்பதிலேயே காலைப்பொழுது போய்விடும்.

நேரம் குறைவு என்றால் இஷிதெரா தோட்டம் ஒன்று போதும்: சரிவு முழுக்க வரிசை, கீழே வீடுகள். அடுத்தது ஷிராசு. அங்கே தேயிலை சூழ்ந்த ஒரு குன்றின் மேல் பேரரசர் ஷோமுவின் மகன் அசாகா இளவரசரின் கல்லறை இருக்கிறது. அவர் இறந்தது 744-இல். ஹராயாமா இன்னும் மேலே, ஏற்றம் அதிகம். அங்கே வரிசைகள் வட்டவட்டமாக ஓடுகின்றன. காமகுரா காலத்தில் (1185–1333) வஸுகாவில் முதன்முதலாகத் தேயிலை விதைத்த இடம் அதுதான் என்று ஊர் வழக்கு.

வரிசைகளுக்கு நடுவே உயரக் கம்பங்களில் மின்விசிறிகள் நிற்பதைக் கவனியுங்கள். தெளிந்த இரவுகளில் நிலத்தை ஒட்டிய காற்று உறைநிலைக்குக் குளிர்ந்துபோக, சில மீட்டர் மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். விசிறி அந்த மேல்காற்றைக் கீழே தள்ளுகிறது. ஏப்ரலில் ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தால் முதல் கொழுந்து கருகிவிடும். வீட்டின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்தக் கொழுந்தில்தான் இருக்கிறது.

செடியின் மேல்பரப்பு லேசாக வளைந்து, வெட்டிவைத்தது போல் சீராக இருப்பதற்கும் காரணம் உண்டு. வரிசைக்கு இருபுறமும் இருவர் நடந்து, நடுவே வளைந்த வெட்டுக்கத்தி கொண்ட இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார்கள். வெட்டுண்ட கொழுந்து பின்னால் இழுபடும் நீண்ட பையில் காற்றழுத்தத்தால் போய் விழும். ஆள் ஏறி ஓட்டும் பெரிய இயந்திரம் இந்தச் செங்குத்துச் சரிவுகளில் நிற்காது.

வரிசைகளுக்குள் இறங்காதீர்கள். இது ஊர் விவசாயிகளின் குடும்பங்கள் பிழைக்கும் நிலம். படத்துக்காகச் செடிமேல் கை ஊன்றினால் கொழுந்து ஒடியும். ஒடிந்த இடம் கறுத்து, பறிக்கும்போது நல்ல இலையோடு கலந்துவிடும். பன்றி, மான் வராமல் இருக்க வேலி போட்டிருந்தால், படலைத் திறந்த பிறகு திரும்பச் சாத்துங்கள். வாடகைக் காரில் வருகிறவர்கள் குறுகிய தோட்டப் பாதையில் வண்டியை நிறுத்தவே கூடாது. பறித்த கொழுந்து மூச்சுவிடுகிறது, குவியலில் சூடேறுகிறது, நேரம் ஆக ஆகச் சிவக்கிறது. பச்சைத் தேயிலையைப் பச்சையாக வைத்திருப்பது உடனே அவிப்பதுதான். பின்னால் கொழுந்து ஏற்றிய சிறு லாரி உங்கள் காருக்காகக் காத்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தொகுதியின் தரத்தைக் குறைக்கிறது.

தண்ணீர், தொப்பி, நல்ல பிடிமானமுள்ள காலணி வேண்டும். சாப்பாட்டுக் கடைகள் சில மட்டுமே. மதியத்துக்கு ஏதாவது கமோவுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது பத்திரம். குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள், குப்பையைப் பையிலேயே திருப்பி எடுத்துப் போங்கள்.

எதை வாங்குவது

முதன்முறை வாங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை: ஒரே தோட்டத்தைச் சேர்ந்த முதல் பறிப்புச் சென்ச்சா, யபுகிதா ரகம், 50 அல்லது 100 கிராம். யபுகிதா ஜப்பானில் மிகப் பரவலான ரகம்; அதன் சுவையைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம். அடுத்த முறை ஒகுமிதோரி, கோகோ என்று போகலாம்.

உறையில் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எத்தனையாவது பறிப்பு, எந்த ரகம், நிழல் போட்டதா. வெயிலில் வளர்ந்தது சென்ச்சா. ஒன்றிரண்டு வாரம் போர்த்தியது கபுசெச்சா. மூன்று வாரம் அளவுக்குப் போர்த்தி, முறுக்கி உலர்த்தியது கியோகுரோ. அதே இலையை முறுக்காமல் உலர்த்தினால் தென்ச்சா, அரைத்தால் மாச்சா. இந்த நிழலின் பயன் இதுதான்: வேரில் உண்டாகும் தியானின் என்ற இனிப்புச் சத்து இலைக்கு ஏறி, வெயில் பட்டால் துவர்ப்புத் தரும் கேட்டசின்களாக மாறிவிடுகிறது. வெயிலைத் தடுத்தால் தியானின் மிஞ்சும், நாக்கில் குழைவான சுவை நிற்கும்.

‘அராச்சா’ என்று எழுதியிருந்தால், தோட்டத்து ஆலையில் அவித்து, முறுக்கி, உலர்த்தியதோடு நிறுத்திய இலை. காம்பும் தூளும் பிரிக்கப்படாமல் இருக்கும். விலைக்கு நல்ல சரக்கு, ஆனால் சல்லடை நுண்ணியதாக வேண்டும். ஒரு கிலோ அராச்சாவுக்கு ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போகிறது என்பதை விலையைப் பார்க்கும்போது நினைவில் வையுங்கள். முதல் பறிப்புச் சென்ச்சா 100 கிராம் 1,000 யென்னைச் சுற்றித் தொடங்கி மேலே போகும். எடுத்துப்போகும் இலைக்கு வரி 8 விழுக்காடு. கடையில் உட்கார்ந்து குடித்தால் 10.

இலை எப்படி இருக்க வேண்டும்? ஊசிபோல் ஒடுங்கி, பளபளப்பான கரும்பச்சையாக. இந்த வட்டாரத்து மரபில் அரை நிமிடத்தை ஒட்டியே இலையை அவிப்பார்கள். அதனால் இலை உடையாது, சாறு வெளிர்மஞ்சள் கலந்த பச்சையாக இறங்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் அவித்த வேறு வட்டாரத் தேயிலையைக் குடித்துப் பழகியவர்கள் அந்த நிறத்தைப் பார்த்துச் சாரமில்லை என்று நினைத்து இலையை அள்ளிப் போடுகிறார்கள். சுவையை நிறத்தில் தேடாதீர்கள், மணத்தில் தேடுங்கள்.

கொண்டுவருவது

காற்று நீக்கிய உறையாகவே வாங்குங்கள். பெட்டியில் சோப்பு, மசாலா, வாசனைத் திரவியம் பக்கத்தில் வைக்காதீர்கள். உலர்ந்த தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சும். வீட்டில் பிரிக்காத பையைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் எடுத்த கையோடு பிரித்தால், குளிர்ந்த இலைமேல் காற்றின் ஈரம் படிந்து சில நாட்களில் மணம் செத்துவிடும். அரை நாள் வெளியே வைத்து, அறைச்சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். பிரித்ததை இறுக்கமான தகர டப்பாவில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். கஞ்சத்தனமாகச் சேர்த்து வைத்தால் நஷ்டம்தான்.

போடுவது

இருவருக்கு 6 கிராம் சென்ச்சா, 180 மி.லி. தண்ணீர், 70 டிகிரி, 60 முதல் 90 நொடி. கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். ஊசி இலை கரண்டியில் ஒவ்வொரு முறையும் வேறு அளவில் நிற்கும். வெப்பமானி இல்லையா? கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போதெல்லாம் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். மூன்று முறை மாற்றினால் 70.

இலையைக் கியூசு என்ற கைப்பிடிக் கெண்டியில் போட்டு, நீரை ஊற்றி, மூடி, அசைக்காமல் விடுங்கள். குலுக்கினால் கசக்கும். ஊற்றும்போது முதல் கோப்பைக்குக் கொஞ்சம், இரண்டாவதற்குக் கொஞ்சம், மறுபடி முதலுக்கு என்று மாற்றி மாற்றி ஊற்றினால் அடர்த்தி சமமாகும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். சுவை திரண்டு நிற்பது அதில்தான், தங்கிய நீர் அடுத்த ஊற்றையும் கெடுக்கும். வடித்ததும் மூடியைச் சற்றே திறந்து வையுங்கள், இல்லையென்றால் சூட்டில் இலை வெந்துபோகும். இரண்டாம் ஊற்றுக்கு 80 டிகிரி, 15–20 நொடி. மூன்றாவதற்கு 90 டிகிரி, அரை நிமிடம்.

கபுசெச்சாவுக்கு 60 டிகிரி, ஒன்றரை நிமிடம். கியோகுரோ என்றால் 8 கிராமுக்கு 60 மி.லி. மட்டுமே, 50–55 டிகிரி, இரண்டு நிமிடம். ஒரு மடக்கு அளவுதான் வரும், மெல்லச் சப்பிக் குடிக்க வேண்டும். வறுத்த ஹோஜிச்சாவுக்கு மட்டும் கொதிநீரை அப்படியே ஊற்றலாம், அரை நிமிடம் போதும்.

கசப்பு ஏறினால் நீர் சூடு அதிகம். கஃபீனும் கேட்டசின்களும் சூட்டில்தான் வேகமாக இறங்கும், தியானின் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். சப்பென்று, மணமே இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் குறை தண்ணீரில்: கடின நீரின் கால்சியம் சுவையை அமுக்கிவிடும். லிட்டருக்கு 30 முதல் 80 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள மென்னீரில் போட்டுப் பாருங்கள், அதே இலை வேறாக இருக்கும். சாறு பழுப்பாக இறங்கினால் இலை பழசு. அதை வெறும் வாணலியில் சிறுதீயில் மணம் எழும்வரை வறுத்து ஹோஜிச்சாவாக்கிக் குடியுங்கள்.

வெயில் நாளுக்கு 10 கிராம் இலையை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் போட்டு, குளிர்பெட்டியில் மூன்று நான்கு மணி நேரம் வைத்து வடித்து, அன்றே குடித்து முடியுங்கள். கசப்பு ஏறக்குறைய இருக்காது.

மூன்று ஊற்று முடிந்த முதல் பறிப்பு இலையைக் குப்பையில் போடாதீர்கள். கீரைபோல் மென்மையாக இருக்கும். பிழிந்து, இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டுப் பிசைந்தால் சோற்றோடு நன்றாக இறங்கும்.